ஒரே மாதிரி நோட்ஸ் எல்லாப் பாடத்துக்கும் ஏன் உதவாது?

ஒரு மாணவரின் நான்கு நோட்டுகளை எடுத்து மேசைமேல் விரித்து வையுங்கள். இயற்பியல், கணக்குப்பதிவியல், கணினி அறிவியல், வரலாறு. பெரும்பாலும் நான்கும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். மேலே தலைப்பு, அடியில் கோடு, ஒரு வரையறை, அதற்குக் கீழே எண் போட்ட வரிகள், முக்கியமான சொற்களுக்கு மஞ்சள் பூச்சு. பார்க்க அழகாக இருக்கும். தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டினால் எல்லாம் தெரிந்த மாதிரியும் இருக்கும். மறுநாள் கேள்வித்தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் சிக்கல். இயற்பியல் கணக்கு பாதியில் நிற்கும், இருப்புநிலைக் குறிப்பு சமமாகாது, நிரல் எழுத வராது, "ஏன்?" என்று கேட்கும் வரலாற்றுக் கேள்விக்கு நாலு வரிக்குமேல் பேனா நகராது.

இத்தனைக்கும் அந்த மாணவர் உழைக்காமல் இல்லை. நோட்டு எழுத மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கும். நான்கு பாடங்களும் நான்கு விதமாக யோசிக்கச் சொல்கின்றன; நோட்ஸ் மட்டும் ஒரே விதமாக இருந்தால் எப்படிக் கைகொடுக்கும்?

முதலில், நோட்ஸ் எடுக்கும்போது என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, எழுதும் நேரத்திலேயே நடப்பது. காதில் விழுந்ததைப் பிரித்து, சுருக்கி, நம் சொல்லுக்கு மாற்றும்போது மூளை அதை அசைபோடுகிறது. இன்னொன்று, பிற்பாடு உதவுவது. மறந்துபோனதை எடுத்துப் பார்க்க ஒரு சேமிப்பு கையில் இருக்கிறது. டி வெஸ்டா, கிரே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1972-இல் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். நாமோ இரண்டாவதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறோம். "ஒன்றும் விட்டுப்போகக் கூடாது" என்ற பதற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் விடாமல் எழுத முடியாது. பேச்சின் வேகத்துக்குக் கை ஓடவே ஓடாது. விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எதை விடலாம், எதை விடக் கூடாது என்று ஒவ்வொரு நிமிடமும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கற்றலில் பெரும்பங்கு அந்த முடிவில் இருக்கிறது. தட்டச்சு வேகமானது என்பதால் அங்கே இந்த முடிவைத் தள்ளிப்போட வழியுண்டு. முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் மடிக்கணினி மாணவர்கள் வகுப்பில் சொன்னதைச் சொன்னபடியே நிறைய அடித்து வைத்திருந்தார்கள். "அப்படியே அடிக்காதீர்கள், உங்கள் சொல்லில் எழுதுங்கள்" என்று எச்சரித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தகவல் கேள்விகளில் இரு தரப்பும் ஏறத்தாழ சமம். கருத்தைப் புரிந்து விடை எழுத வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். 2019-இல் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. அதனால் பேனாவா விசைப்பலகையா என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. வரிக்கு வரி நகலெடுக்கும் பழக்கம்தான் ஆபத்து. அது பேனாவிலும் வரும்.

மறதியின் வேகம்

அடுத்தது மறதி. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கான சோதனைகளில் ஆள் அவர் ஒருவர்தான். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்வார், சிறிது நேரம் விடுவார், திரும்பக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளப்பார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு. 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் கிட்டத்தட்ட அதே வளைகோடுதான் கிடைத்தது. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாகக் கரையாது என்பது உண்மை. இருந்தாலும் அந்தக் கோட்டின் வடிவம் கவனிக்க வேண்டியது: சரிவில் பெரும்பகுதி முதல் நாளில் இருக்கிறது, அதற்கப்புறம் மெதுவாகத்தான் இறங்குகிறது. எழுதிய நோட்டை ஒரு மாதம் கழித்து முதல்முறையாகத் திறப்பவர், இழந்ததில் பெரும்பகுதியை முதல் நாளிலேயே இழந்துவிட்டவர்.

சரி, திறந்து என்ன செய்ய வேண்டும்? திரும்பப் படிப்பதா? ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில் சொல்கிறது. ஒரு பாடப்பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தால் இரண்டு முறை படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு நோட்டைப் புரட்டும்போது "எல்லாம் தெரியும்" என்று தோன்றுகிறதே, அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான் அது. கண்ணுக்குப் பழகிய வரி வேறு, தாளை மூடினாலும் கைக்கு வரும் வரி வேறு.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950-களில் வகுத்த பக்க அமைப்பு இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. வலப்பக்கம் அகலமான இடம் வகுப்பில் எழுத, இடப்பக்கம் பிறகு கேள்வி எழுத ஒடுக்கமான ஒரு பத்தி, அடியில் சுருக்கத்துக்கு நாலைந்து வரி இடம். இன்று நிறையப் பேர் இந்தக் கோடுகளை ஆசையாகப் போடுகிறார்கள். ஆனால் இடப்பக்கத்தில் தலைப்புச் சொல்லை எழுதி நிரப்பிவிடுகிறார்கள். "ஒளிச்சேர்க்கை" என்று எழுதிவைத்தால் அது பெயர்ப்பலகை, அவ்வளவுதான். அதே இடத்தில் "இலை வெளிவிடும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது, நீரிலிருந்தா, கார்பன் டை ஆக்சைடிலிருந்தா?" என்று எழுதிப் பாருங்கள். வலப்பக்கத்தைக் கையால் மறைத்தவுடனே மனம் பதிலைத் தேட ஆரம்பிக்கும். (நீரிலிருந்து. ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்பை நீரில் சேர்த்து, அது வாயுவாக வெளிவருவதைப் பார்த்து 1941-இல் உறுதிசெய்தார்கள்.)

வகுப்பு முடிந்த அன்றே நோட்டோடு இன்னொரு முறை உட்கார்வது எவ்வளவு தூரம் ஒருவரைக் கொண்டுபோகும் என்பதற்கு மைக்கேல் ஃபாரடேயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. புத்தகக் கட்டுவேலை பழகிக்கொண்டிருந்த இளைஞர் அவர். 1812-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. அங்கே எடுத்த குறிப்புகளை வீட்டில் விரிவாக்கி, படங்கள் வரைந்து, ஏறக்குறைய 300 பக்கத் தொகுப்பாகத் தானே தைத்துக் கட்டி டேவிக்கு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அங்கேயே உதவியாளராக வேலை. பிற்காலத்தில் தன் ஆய்வகக் குறிப்பேட்டில் பத்திகளுக்கு அவர் வரிசை எண் போட்டுக்கொண்டே போனார். அது 16,000-ஐத் தாண்டியது. எண் இருந்ததால் பல ஆண்டுகள் கழித்தும் பழைய சோதனை ஒன்றைச் சுட்டிக்காட்ட அவரால் முடிந்தது.

சூத்திரம் எப்போது பொய்க்கும்?

அறிவியல் நோட்ஸில் நான் முதலில் தேடுவது வரையறையை இல்லை, எல்லையை. ஒரு விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது எழுதியிருக்கிறதா? ஓம் விதியை எடுத்துக்கொள்ளலாம். மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. எல்லா நோட்டிலும் இது பெட்டி கட்டி இருக்கும். வெப்பநிலை மாறாதபோதுதான் இது நேர்கோடாக வரும் என்ற அரை வரி பாதி நோட்டுகளில் இருக்காது. இழை பல்பு அதற்கு நல்ல சாட்சி. மின்னோட்டம் கூடக்கூட இழை சூடாகிறது, சூடானால் மின்தடை ஏறுகிறது, வரைபடம் வளைந்துவிடுகிறது. "பல்பின் கோடு ஏன் வளைகிறது?" என்ற ஒரு கேள்வி நோட்டில் இருந்தால், விதி, நிபந்தனை, காரணம் மூன்றும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

நிறை, எடை குழப்பமும் இதே வகைதான். "நிறை என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு, எடை என்பது அதன்மீது செயல்படும் ஈர்ப்பு விசை." இதை ஒப்பிக்கத் தெரிந்தவர்களில் பலர் எடையைக் கிலோகிராமில் எழுதுவார்கள். இரண்டு வரையறைக்குக் கீழே ஒரே ஒரு கணக்கு போட்டுவைத்தால் போதும். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர், பூமியில் 60 × 9.8 = 588 நியூட்டன் எடை. நிலவில் 60 × 1.6 = 96 நியூட்டன். முதல் எண் இரண்டு இடத்திலும் 60-ஆகவே நிற்கிறது, எடை மட்டும் மாறுகிறது, அலகும் வேறாக இருக்கிறது. அறிவியலில் அலகுதான் காவல்காரன். விடையின் அலகு பொருந்தவில்லை என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அது உடனே காட்டிக்கொடுக்கும். ஆகவே அலகில்லாமல் ஒரு எண்ணைக்கூட நோட்டில் ஏற்ற வேண்டாம்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இதயத்தின் படத்தைப் புத்தகத்தைப் பார்த்து மணிக்கணக்கில் நிழல் தீட்டி வரைவதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நான்கு கட்டம் போட்டு, ரத்தம் எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி இடுவது ஆயிரம் மடங்கு மேல். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. தப்பான அம்பைச் சிவப்பில் திருத்துங்கள், அழிக்காதீர்கள். திருத்தம் கண்ணில் பட்டால்தான் அடுத்த முறை அந்த இடத்தில் கவனம் நிற்கும்.

இரு பக்கமும் எழுதுவது

வணிகவியல் மாணவர்கள் கணக்குப்பதிவியலை விதிகளாகப் படிக்கிறார்கள். எது பற்று, எது வரவு என்று வாய்ப்பாடு போலச் சொல்கிறார்கள். லூகா பசியோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1494-இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கி எழுதினார். வெனிஸ் வணிகர்கள் அதற்கு முன்பே பின்பற்றிவந்த வழக்கம் அது. எந்த நடவடிக்கைக்கும் இரண்டு முகம் உண்டு என்பதுதான் அதன் உயிர். ஆகவே நோட்ஸும் இரண்டு முகத்தைக் காட்ட வேண்டும். 10,000 மதிப்புள்ள இயந்திரம் ஒன்றைக் கடனுக்கு வாங்குகிறார்கள். "இயந்திரக் கணக்கு பற்று, கடனீந்தோர் கணக்கு வரவு" என்று எழுதி நிறுத்திவிடாமல், பக்கத்திலேயே "சொத்து 10,000 கூடியது, பொறுப்பும் 10,000 கூடியது, மூலதனம் அப்படியே இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தால், பத்துப் பதிவுகள் எழுதும்போதே விதி தானாகப் பிடிபட்டுவிடும்.

அப்புறம் தேய்மானம். அதே இயந்திரம் பத்து ஆண்டு உழைக்கும், கடைசியில் மதிப்பு ஒன்றும் மிஞ்சாது என்று வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 1,000 செலவாக எழுதுகிறார்கள். இடப்பக்கத்தில் எழுத வேண்டிய கேள்வி: "இந்த ஆண்டு ஒரு காசும் வெளியே போகவில்லையே, லாபம் ஏன் 1,000 குறைகிறது?" லாபமும் கையிருப்புப் பணமும் ஒன்றில்லை என்பது இந்தக் கேள்வியில்தான் புரியும். அது புரியாமல் பணப்பாய்வு அறிக்கைக்குள் நுழைபவர்கள் திணறிவிடுகிறார்கள்.

மேலாண்மைப் பாடத்தில் பட்டியல்கள் அதிகம். ஹென்றி ஃபயோல் 1916-இல் சொன்ன 14 கொள்கைகளைப் பெயர் மாறாமல் அடுக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். பெயருக்குப் பக்கத்தில் அதை மீறினால் என்ன ஆகும் என்று ஒரு காட்சியை எழுதிவைப்பதுதான் என் பரிந்துரை. கட்டளை ஒருமை (ஒருவருக்கு ஒரே மேலாளர்தான் கட்டளையிட வேண்டும்): ஓர் ஊழியருக்கு விற்பனைத் தலைவர் "இன்றே அனுப்பு" என்கிறார், தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் "சோதிக்காமல் அனுப்பாதே" என்கிறார், ஊழியர் நடுவில் நிற்கிறார். சூழலை விவரித்துக் கேட்கும் கேள்விகளுக்கு இந்த ஒரு வரி கைகொடுக்கும்.

தொழில்நுட்ப நோட்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் அங்கே நோட்டில் பாதி கணினியில்தான் எழுதப்பட வேண்டும். நிரலைப் பார்த்து எழுதிவைப்பதில் பயன் குறைவு. அதை வரி வரியாக ஓட்டிப் பார்த்த அட்டவணைதான் மதிப்புள்ளது. இருமத் தேடலுக்கு (வரிசையை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடும் முறை) 3, 8, 12, 19, 25, 31, 40 என்ற வரிசையில் 31-ஐத் தேடுங்கள். நடுவில் 19, தேடுவது அதைவிடப் பெரியது, இடப்பாதி போயிற்று. மிஞ்சிய மூன்றில் நடுவில் 31. இரண்டே ஒப்பீடு. பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் 20 ஒப்பீட்டுக்குள் முடிந்துவிடும், வரிசைப்படுத்தியிருந்தால் மட்டும். அதோடு, வந்த பிழைச்செய்தி, அதன் காரணம், சரிசெய்த விதம், எந்தப் பதிப்பில் ஓட்டியது என்ற நாலையும் தேதியோடு குறித்துவையுங்கள். இதே இருமத் தேடலில், நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரு முனைகளின் இட எண்களையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரி ஜாவா மொழியின் நூலகத்திலேயே இருந்தது. கூட்டுத்தொகை சுமார் 214 கோடியைத் தாண்டினால், அதற்கு ஒதுக்கிய இடம் போதாமல், எண் எதிர்மறையாகிவிடும். 2006-இல் இந்தப் பிழை பற்றி வெளியே சொல்லப்படும் வரை ஒன்பது ஆண்டுபோல அது அங்கேயே இருந்தது. தப்பைக் குறித்துவைக்கும் பழக்கம் தேர்ந்தவர்களுக்கும் தேவை.

37 நாட்கள்

சமூக அறிவியல்தான் நோட்ஸால் அதிகம் பாதிக்கப்பட்ட பாடம் என்பேன். எல்லாமே சொற்களாக இருப்பதால் எல்லாவற்றையும் பட்டியலாக்கிவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. முதல் உலகப் போருக்கான காரணங்கள்: ராணுவவாதம், கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தேசியவாதம். நான்கு சொல், நான்கு எண். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த நான்கும் பல ஆண்டுகளாக இருந்துவந்தவை. போர் ஏன் 1914-இன் கோடையில் வெடித்தது என்று கேட்டால் பட்டியல் வாயடைத்துப்போகும்.

அதே பக்கத்தில் ஒரு கோடு இழுத்துத் தேதிகளை ஏற்றுங்கள். ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஜூலை 28, ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாமீது போர் அறிவிக்கிறது. ஆகஸ்ட் 1, ஜெர்மனி ரஷ்யாமீது. ஆகஸ்ட் 3, ஜெர்மனி பிரான்ஸ்மீது. ஆகஸ்ட் 4, பெல்ஜியத்துக்குள் ஜெர்மனியின் படை நுழைய, பிரிட்டன் ஜெர்மனிமீது. மொத்தம் 37 நாட்கள். இதில் முதல் 30 நாட்கள் ஒரே இடைவெளி, கடைசி ஏழு நாட்களில் எல்லாம் சரசரவென்று சரிகிறது. கண்ணால் பார்த்தவுடனே கேள்விகள் முளைக்கும். அந்த ஒரு மாதம் என்ன நடந்தது? ஒருவர் அறிவித்ததும் அடுத்தவர் ஏன் இழுபட்டார்? இப்போது "கூட்டணிகள்" என்ற சொல்லை அந்த அம்புக்குறிகளின்மேல் எழுதிப் பாருங்கள். அது ஒரு வேலை செய்யும் சொல்லாகிவிடும்.

இந்தப் பாடத்துக்கு இன்னொரு பழக்கமும் வேண்டும். நடந்தது எது, அதைப் பற்றி ஒருவர் சொல்லும் கருத்து எது என்று நோட்டிலேயே பிரித்துவைக்க வேண்டும். ஆகஸ்ட் 4 என்பது நடந்தது. "போருக்கு முக்கியப் பொறுப்பு ஜெர்மனியுடையது" என்பது வாதம். வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதில் ஒத்துப்போகவில்லை. வாதத்தை எழுதும்போது யார் சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், எதிர்த்தரப்பு என்ன என்று மூன்று வரி விட்டுவையுங்கள். வேறு மையில் எழுதினால் இன்னும் நல்லது.

அடுத்தவர் நோட்ஸ்

நன்றாகப் படிக்கும் நண்பரின் நோட்டை நகலெடுப்பது எப்போதும் உண்டு. இப்போது ஒரு பாடத்தைக் கொடுத்தால் இயந்திரமே சுருக்கம் எழுதித் தந்துவிடுகிறது. இரண்டும் ஒரே வகைதான்: நோட்ஸின் சேமிப்பு வேலை நமக்குக் கிடைக்கிறது, அசைபோடும் வேலை நடக்காமல் போகிறது. அதற்காக அவற்றை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். வகுப்பைத் தவறவிட்டவருக்கு நண்பரின் நோட்டு பெரிய உதவி.

அடுத்தவர் நோட்டை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு மொழியியலில் அழகான ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ஃபெர்டினாண்ட் டி சசூர் ஜெனீவாவில் 1907 முதல் 1911 வரை பொது மொழியியல் பாடம் நடத்தினார். 1913-இல் இறந்துபோனார். பாடத்தைப் புத்தகமாக்க விரும்பிய அவருடைய சகாக்கள் பாயி, செஷஹே இருவரும் அவருடைய கையெழுத்துக் குறிப்புகளைத் தேடினால் அனேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்கள் அந்த வகுப்புகளில் உட்கார்ந்ததும் இல்லை. மாணவர்களின் நோட்டுகள்தான் கிடைத்தன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று சரிபார்த்து, 1916-இல் நூலாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டு மொழியியலின் அடித்தள நூல்களில் ஒன்று இப்படித்தான் பிறந்தது. பின்னாளில் வேறு மாணவர்களின் நோட்டுகள் வெளிவந்தபோது, அச்சான நூல் சசூர் சொன்னதிலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்றும் பார்க்க முடிந்தது.

அந்த வழியை நாமும் சிறிய அளவில் செய்யலாம். பாடம் முடிந்ததும் முதலில் எதையும் பார்க்காமல் ஒரு பக்கம் நீங்களே எழுதுங்கள். அதன் பிறகு நண்பருடைய நோட்டையோ இயந்திரச் சுருக்கத்தையோ பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அவரிடம் இருந்து உங்களிடம் இல்லாததைச் சிவப்பில் சேருங்கள். உங்களிடம் இருந்து அவரிடம் இல்லாததற்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள். இருவரும் வேறுவேறாக எழுதியிருக்கும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள்.